கண்ணாடி வேணாம்னு சொல்லு

கவுண்டருக்குப் பின்னால் நிற்கப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேரிடமும் ஒரு மணி நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நெய்வேலி மெயின் பஜாரில் இதே கடையில் இருபத்தெட்டு வருடம் நின்று, கால் வீங்கி, ஓய்வு பெற்றவள் நான். கண்ணை எப்படிச் சோதிப்பது, ஃபிரேமை எப்படி வளைப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்க இங்கே ஆள் இருக்கிறது. நான் பேச வந்தது அந்தக் கடைசி அலமாரியைப் பற்றி. டெலஸ்கோப்பும் பைனாகுலரும் இருக்கிறதே, அது.

மூக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர் "பவர் ஏறியிருக்குங்களா?" என்று பயந்து பயந்து கேட்பார். அதே மனிதர் அந்த அலமாரிப் பக்கம் நகர்ந்ததும் "இதுல எது பவர் ஜாஸ்தி?" என்று ஆசையாகக் கேட்பார். டெலஸ்கோப் பெட்டியில் ஐந்நூறு மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். வாங்கிப் போய் மொட்டைமாடியில் வைத்தால், கொசு உட்கார்ந்தாலும் அதைத் தாங்குகிற முக்காலி ஆடும். நிலா கலங்கின தண்ணீரில் கிடக்கிற மாதிரித் தெரியும். இரண்டு வாரத்தில் அது பீரோ மேல் ஏறிவிடும். மடங்கு கூடக் கூட ஆட்டமும் கூடும், இருட்டும் கூடும். வெளிச்சத்தை அள்ளித் தருவது முன்னால் இருக்கிற பெரிய லென்ஸின் அகலம்தான். அதனால் முதல்முறை வானம் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவருக்கு பத்து மடங்கு, ஐம்பது மில்லிமீட்டர் பைனாகுலர் போதும். கழுத்தில் மாட்டிக்கொண்டு சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால், சுரங்கத்து விளக்கு வெளிச்சத்தையும் மீறி, வியாழனுக்குப் பக்கத்தில் இருக்கிற நிலாப் புள்ளிகளைக்கூடப் பார்த்துவிடலாம். அதைக் கேட்காமல் பெரிய பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்களை நான் திட்டியே அனுப்பியிருக்கிறேன். முதலாளிக்கு அதில் என்மேல் வருத்தம்தான். இருக்கட்டும்.

வருகிறவரிடம் நான் எப்போதும் இரண்டு கேள்வி கேட்பேன். எதைப் பார்க்கப் போகிறீர்கள், எங்கிருந்து பார்க்கப் போகிறீர்கள். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் சரியான பொருளைக் கையில் கொடுத்துவிடலாம் என்று வாய் கிழியப் பேசிக்கொண்டு திரிந்தேன். மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது என்பது 2012 ஜூன் மாதத்தில்தான் என் மண்டையில் உறைத்தது.

அந்த மாதம் ஒரு புதன்கிழமை காலையில், வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போனது. நம் ஆயுளில் இனி அது வராது என்று பேப்பரில் எல்லாம் எழுதியிருந்தார்கள். கடையில் ஒரே கூட்டம். அதற்கு முந்தின சனிக்கிழமை குணசேகரன் வந்தார்.

குணா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வெல்டர். ஊர் சேத்தியாத்தோப்புக்குப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். இவர் பதினோரு வருடம் காண்ட்ராக்டில் ஓட்டி, ஒருவழியாக பர்மனென்ட் ஆகிறவர்கள் லிஸ்டில் பெயர் வந்திருந்தது. அந்தப் புதன் கழித்து வருகிற திங்கட்கிழமை மெடிக்கல். அதில் வலது கண், இடது கண் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். வெல்டருக்குக் கண்ணில் குறை என்று எழுதிவிட்டால் பெயரைத் தூக்கிவிடுவார்கள். அதற்குத்தான் பயந்து, முன்கூட்டியே என்னிடம் வந்து கண்ணைச் சோதித்துக்கொண்டார். இரண்டு கண்ணும் கடைசி வரிவரை பளிச்சென்று படித்தன. அந்தச் சந்தோஷத்தில் அலமாரிப் பக்கம் போனார்.

"டெலஸ்கோப்பு ஒண்ணு பாக்கணுங்க, ரெஜினாக்கா."

"எதப் பாக்கப் போறீங்க?"

"எல்லாந்தாங்க. நைட் ஷிப்டுல மெஷின் மேல ஏறி வெல்டிங் அடிப்பம். ஆர்க்கு வெளிச்சத்த நிறுத்தின உடனே கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அப்படியே நின்னுகினு இருந்தா ஒவ்வொரு நட்சத்திரமா வெளிய வரும். அதுங்கள கிட்டத்துல பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச."

எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. ஐந்நூறு மடங்குப் பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு பைனாகுலரைக் கொடுத்தேன். நல்ல பொருள். அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. வாசல்வரை போனவர் திரும்பி நின்று, கையில் பைனாகுலரோடு கேட்டார்.

"புதன்கெழம சூரியனப் பாக்கலாம்ங்களா? வெல்டிங் கண்ணாடி போட்டா போதுமா?"

கவுண்டரில் ஐந்து பேர். ஒரு பாப்பாவின் ஃபிரேமில் திருகாணி விழுந்து தேடிக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இருக்கறதுலயே ரொம்பக் கறுப்பா எடுத்துக்கங்க. அது போட்டா போதும்."

இந்த ஊரில் வெல்டிங் கண்ணாடி இல்லாத தெரு கிடையாது. கிரகணம் வந்தால் ஆளுக்கொன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். நான் அதைத்தான் மனதில் வைத்துச் சொன்னேன். பைனாகுலர் பெட்டிக்குள் இருக்க, வெறும் கண்ணுக்கு முன்னால் அந்தக் கறுப்புச் சில்லைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது. அவர் கேட்டதோ, பைனாகுலரில் கண்ணாடி போட்டால் போதுமா என்று. நாம் மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, லென்ஸும் கண்ணாடி, வெல்டர் பிடிப்பதும் கண்ணாடி. காலமெல்லாம் அந்த ஒரு சொல்லை விற்றுப் பிழைத்தவளுக்கு அது தோன்றவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, டவுன்ஷிப்பில் ஒரு பள்ளி மைதானத்தில் கடையின் டெலஸ்கோப்பை நிறுத்தி வைத்திருந்தேன். யாரும் அதில் கண் வைக்கக் கூடாது. பின்பக்கமாக வருகிற சூரியனின் உருவத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்து, அதைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். ஐம்பது அறுபது பேர் சுற்றி நின்றார்கள். முதலில் சூரியன் தூசிக்குள் செக்கச்செவேல் என்று இருந்தது. ஏழு மணி ஆவதற்குள் முகத்தில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் தேவராஜ் வந்தார். குணாவோடு வேலை செய்கிற ஃபிட்டர். அட்டையில் கறுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இதவிட குணா சூப்பரா செட் பண்ணிருக்கான்க்கா. வெல்டிங் கண்ணாடிய ரெண்டு துண்டா வெட்டி, பைனாகுலர்ல கண்ணு வைக்கற பக்கம் டேப் போட்டு ஒட்டிட்டான். தெருவே அவன் வூட்டு மாடிலதான் நிக்குது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே."

பர்ஸுக்குள் போனைத் தேடினேன். முன்னால் இருக்கிற பெரிய லென்ஸ் இரண்டும் வெயிலை அள்ளிக் குவித்துப் பின்பக்கம் ஒரு பொட்டு அளவில் இறக்கும். காகிதத்தை வைத்தால் புகையும். அந்த இடத்தில் வெல்டிங் கண்ணாடியை ஒட்டினால் சூடேறி எந்த நிமிடமும் விரிசல்விட்டு விரியலாம். விரிந்தால் அந்தப் பொட்டு நேராக விழியில் இறங்கும். சூரியன் செக்கச்செவேல் என்று கீழே இருந்தவரை ஒன்றும் ஆகியிருக்காது. ஏற ஏறத்தான் ஆபத்து. அது ஏறிக்கொண்டிருந்தது.

குணா வீடு மந்தாரக்குப்பத்தில். கடை நோட்டில் எழுதின நம்பர் என் போனில் இருந்தது. வீட்டுக்கே அந்த ஒரு போன்தான். மூன்றாவது மணியில் அவர் மனைவி செல்வி எடுத்தாள்.

"யாருங்க?"

"செல்வி, நான் கடை ரெஜினாக்கா. குணா எங்க?"

"மாடில இருக்கறாருங்க. எல்லாரும் மேலதான் பாத்துகினு இருக்கறாங்க."

"ஓடு. ஓடிப் போய்ச் சொல்லு. கண்ணாடி வேணாம்னு சொல்லு. கண்ணாடி போட்டுப் பாக்கவே கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

"சரிக்கா" என்று போனை வைத்துவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது. நல்லவேளை, நேரத்துக்குச் சொல்லிவிட்டோம் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். தேவராஜ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவியாக ஒன்று கேட்டார்.

"அப்ப கண்ணாடி இல்லாமதான் பாக்கணுமாக்கா?"

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் அதுபோல ஒரு நிமிடத்தை நான் மறுபடி பார்க்கவே கூடாது. ஒட்டின கண்ணாடியை உரித்துப் போட்டுவிட்டு, வெறும் பைனாகுலரில் சூரியனைப் பார் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி விரியலாம், விரியாமலும் போகலாம் என்று இருந்த மனிதருக்கு, கண் போவதை நிச்சயமாக்கிவிட்டேன். அதுவும் என் பெயரைச் சொல்லி.

திரும்பப் போன் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டேன். போனைக் கீழேயே வைத்துவிட்டு மாடிக்கு ஓடியிருப்பாள். ஓடு என்று சொன்னதே நான்தான்.

"தேவராஜ், வண்டிய எடுங்க" என்று கத்தினேன். இரண்டடி ஓடிப் போய்த் திரும்பி வந்தேன். டெலஸ்கோப் சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் அறுபது பேர். நான் அந்தப் பக்கம் போனதும் ஒருவர் குனிந்து கண்ணை வைத்தால் இங்கே இன்னொரு கண் போகும். முன்மூடியைப் போட்டேன். கண் வைக்கிற சின்னக் குழாயைக் கழற்றிப் பர்ஸுக்குள் திணித்தேன். "என்னங்க, இப்பதான் வந்தோம்" என்று கூட்டத்தில் சலித்துக்கொண்டார்கள். பதில் சொல்ல நேரமில்லை. அரை நிமிடம் அதில் போயிற்று. அந்த அரை நிமிடத்துக்காக வழியெல்லாம் என்னை நானே திட்டினேன். ஆனால் நீங்கள் அந்த இடத்தில் இருந்தாலும் அதைச் செய்யத்தான் வேண்டும். ஒரு தவறைத் துரத்திப் போகிற அவசரத்தில் இன்னொன்றைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஜெனரல் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம். ஒரு திருப்பத்தில் இரண்டு பஸ் எதிரும் புதிருமாக நின்று, சைக்கிள்களும் சேர்ந்து வழியே இல்லாமல் போயிற்று. தேவராஜ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பின்னால் உட்கார்ந்து, காதில் போனை அழுத்திக்கொண்டு, ஜெபம்கூட ஒழுங்காக வராமல் "ஏசுவே, ஏசுவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம். திங்கட்கிழமை மெடிக்கல். அப்பா அம்மா கூலி வேலை பார்த்த வீட்டில் முதல் பர்மனென்ட். அதை என் வாயால் அழித்துவிட்டேன். எப்படி அந்த முகத்தில் விழிப்பேன் என்று தெரியவில்லை. வேறு எந்தக் கடைக்காவது போயிருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு கேவலமாக இருந்தது எனக்கு.

குணா வீட்டு மாடிப்படி ஓர் ஆள் ஏறுகிற அகலம்தான். முழங்கால் வலியையெல்லாம் மறந்து ஏறினேன். மேலே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். செல்வி ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். குணா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். பக்கத்தில் பைனாகுலர் கிடந்தது. அதில் கறுப்புக் கண்ணாடி இல்லை.

அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"குணா, பாத்துட்டீங்களா?"

அவர் கைக்குட்டையை எடுத்தார். கண் சிவந்து நீர் வழிந்தது.

"நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே ஒரு பக்கத்துக் கண்ணாடி டக்குனு விரிஞ்சிப் போச்சுங்க. சுருக்குனு ஒரு வெளிச்சம். உடனே மொகத்த இழுத்துக்கினேன்."

"அப்புறம்? செல்வி வந்து சொன்னப்புறம்?"

"இவ வந்து, அக்கா கண்ணாடி வேணாம்னு சொல்றாங்க, கண்ணாடி போட்டுப் பாக்கவே கூடாதாம்னு சொன்னா. இங்க நின்னவங்க டேப்ப உரிச்சும் போட்டுட்டாங்க. பைனாகுலரத் திரும்ப என் கையில குடுத்து, இப்பப் பாருன்னாங்க."

"பாத்தீங்களா?"

"இல்லக்கா" என்றார். "தப்பா நெனைச்சிக்காதீங்க. நான் நம்பல. பதினோரு வருஷமா ஆர்க்கு முன்னாடி நிக்கறன். கண்ணாடி வேணாம்னு கடவுளே வந்து சொன்னாலும் கேக்கமாட்டன். அறிவு இருக்குதாடின்னு இவளத்தான் திட்டிட்டேன். யாரும் தொடக் கூடாதுன்னு பைனாகுலரக் கீழ வச்சிட்டேன்."

செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னத அப்படியேதானக்கா சொன்னன்?"

"அப்படியேதான்மா சொன்ன. தப்பு என்னோடது" என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

என் பேச்சை ஒருவர் நம்பவில்லை என்பதில் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். ஆனால் முழு நிம்மதி இல்லை. இடது கண்ணை மூடச் சொல்லி, எதிர் சுவரில் இருந்த சிமென்ட் விளம்பரத்தைப் படிக்கச் சொன்னேன். பெரிய எழுத்தைப் படித்தார். கீழே இருந்த போன் நம்பரைப் படிக்கும்போது நடுவில் நின்றார்.

"எங்க பாக்கறனோ அந்த ஒரு எண்ணு மட்டும் அழிஞ்சாப்ல இருக்குதுக்கா."

அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண் டாக்டர் பார்த்துவிட்டு, லேசாகச் சூடு பட்டிருக்கிறது, தானாகச் சரியாகலாம், நாள் பிடிக்கும் என்றார். மெடிக்கலுக்கு இருந்ததோ ஐந்தே நாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தார். என் கடையில் கண் சோதிக்கிற பலகையில் இருக்கிற எழுத்து எனக்கு மனப்பாடம். உங்களுக்கும் ஒரு வருடத்தில் ஆகிவிடும். கிட்டத்தட்ட அதே பலகைதான் எல்லா இடத்திலும். கடைசி வரியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடு என்று என் மனம் மூன்று நாளும் நச்சரித்தது. அவரும் அதை நினைத்திருப்பார். இருவரும் வாயைத் திறக்கவில்லை. தினமும் படிக்கச் சொன்னேன். தினமும் கடைசி வரியில் நின்றார். சனிக்கிழமை ஓர் எழுத்துதான் தடுமாறியது.

அந்த மூன்று நாளில்தான் என் மூன்றாவது கேள்வி முடிவாயிற்று. எதைப் பார்க்கப் போகிறீர்கள், எங்கிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டபிறகு, பொருளை அவர் கையில் கொடுத்து, "எப்படிப் பார்ப்பீர்கள், எனக்குச் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். அன்று குணாவிடம் அதைக் கேட்டிருந்தால், வெல்டிங் கண்ணாடி எங்கே போகிறது என்று என் கண் முன்னாலேயே தெரிந்திருக்கும். கூட்டமாக இருந்தால் காத்திருக்கட்டும், கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். சின்ன டெலஸ்கோப்புகளோடு சூரியனைப் பார்க்கவென்று ஒரு கறுப்புச் சில்லு வரும், பின்பக்கம் திருகுகிற மாதிரி. அதை விற்பதற்கு முன்னால் எடுத்துக் குப்பையில் போடுங்கள். சூரியனுக்கு வடிகட்டி என்றால் அதற்கென்றே செய்தது, முன்பக்கத்தில், கழன்று விழாதபடி. இல்லாவிட்டால் அட்டையில் விழவைத்துப் பார்க்கட்டும். போனில் அவசரமாக ஒன்றைத் தடுக்க வேண்டி வந்தால், எதை வேண்டாம் என்று விளக்கப் போகாதீர்கள். "கீழே வை, நான் வரும்வரை தொடாதே" என்று சொல்லுங்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் குணா கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாஸுக்கா" என்றார்.

"கடைசி வரி?"

"வலது கண்ணுல ஒரு எழுத்து தடுமாறிச்சுங்க. என்னப்பா ஆச்சுன்னு டாக்டரு கேட்டாரு. தூசி வுழுந்துட்டுதுன்னு சொல்லலாம்னு இருந்தேன். சொல்லல. சூரியனப் பாத்துட்டேங்கன்னு சொல்லிட்டேன். மறுபடி கருவி வச்சிப் பாத்தாரு. ஆறிகினுதான் வருது, வேலைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எழுதிட்டாரு."

"ஏன் பாத்தேன்னு திட்டலையா?"

"திட்டினாரு. எந்த மடையன் பாக்கச் சொன்னான்னு கேட்டாரு."

முதலாளி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"பாக்கவே கூடாதுன்னு ஒரு அக்கா போன் பண்ணி சொன்னாங்க, நாந்தாங்க கேக்கலன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். நான் சொன்னது தப்பு, அவர் கேட்காமல் இருந்தது சரி. டாக்டரிடம் அதை அப்படியே திருப்பிப் போட்டுச் சொல்லிவிட்டு வந்து, என் முன்னால் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்தார்.